ஆற்றைத் தாண்டிய டிராம்

என் மீசைமேல் சத்தியம், என் பல்செட்டின்மேல் சத்தியம், அடுப்பில் கொதிக்கும் உருளைக்கிழங்கு சூப்பின்மேல் சத்தியம்: இதில் ஒரு சொல் பொய்யில்லை. காளானின் அளவில் மட்டும் ஒரு விரற்கடை கூடக் குறைய இருக்கலாம்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பிராக்கிலிருந்து மகள் ரதானா கடிதம் போட்டாள். அவள் குடியிருப்பில் கீழ்வீடு காலியாகிறதாம். கிராமத்தை விட்டுவிட்டு நாங்கள் அங்கே குடிவர வேண்டுமாம். அதைப் படித்ததிலிருந்து என் மனைவி லுத்மிலாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. எனக்கோ மொராவியாவில் என் காடு இருக்கிறது. காட்டில் என் காளான் இருக்கிறது. பிராக்கில் என்ன இருக்கிறது? ஜனம் இருக்கிறது.

"தலைநகரத்துல டிராம் ஏறி இறங்கத் தெரியுமா உனக்கு?" என்றேன்.

"போய்ப் பார்ப்போமே கிழவா. ஸ்டேஷன்ல இறங்குறோம். டாக்ஸி கிடையாது. மகளைக் கூப்பிடவும் கூடாது. பொழுது சாயறதுக்குள்ள அவ வீட்டுக் கதவைத் தட்டிட்டா, குடிவர்றோம். முடியலேன்னா இந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன்."

"வழி காட்டுறது நான்தான். பட்டாளத்துல இருந்தப்ப ரெண்டு வருஷம் பிராக்ல குப்பை கொட்டினவன்."

"சரி, நீதான்."

முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் எதற்கும் ஒப்புக்கொண்டதில்லை. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டுவிட்டேன்.

என் திட்டம் எளியது. பொழுது சாயும்வரை அவளைத் தொலைத்துக்கொண்டே இருப்பது.

செப்டம்பரில் ஒரு நாள் மத்தியானத்துக்கு மேல் பிராக் ஸ்டேஷனில் இறங்கினோம். "மக வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். கடிதம் அவளிடம். என் கண்ணாடி ஊரில்.

"இந்தக் கரையிலதான். ஆத்தை மட்டும் தாண்டிடாதே. அந்தப் பக்கம் போனா வெறும் காடு."

போதாதா? வ்ல்தாவா ஆற்றைத் தாண்டிக் காட்டோரம் போய் முடியும் ஒரே டிராமாகப் பார்த்து ஏற்றினேன்.

அதோடு விட்டேனா? டிராமுக்குள் மஞ்சள் பெட்டி ஒன்று உண்டு. டிக்கெட்டை அதில் நுழைத்து முத்திரை குத்தினால்தான் செல்லும். என்னுடையதைக் குத்திவிட்டு, அவளுடையதைக் குத்தாமலே மடித்து அவள் கையில் கொடுத்தேன். பரிசோதகர் பிடிக்கட்டும், நாலு பேர் முன்னால் திட்டட்டும், அவளுக்கு ஊர் வெறுக்கட்டும்.

எங்கள் நரையைப் பார்த்து ஏழு பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். டிராமே எழுந்து இடம் கொடுத்த மாதிரி இருந்தது. லுத்மிலா ராணி மாதிரி உட்கார்ந்து, கூடையைத் திறந்து, பிளம் பழம் வைத்துச் சுட்ட பன்களை எடுத்தாள். ரெண்டு நிறுத்தம் போவதற்குள் ஓட்டுநரைத் தவிர எல்லார் வாயிலும் பன்.

அவள் பக்கத்திலிருந்த ஆள் ரெண்டாவது பன்னை மென்றுகொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு வில்லையை எடுத்துக் காட்டினார். பரிசோதகர்! மாறுவேஷத்தில்!

"டிக்கெட் காட்டுங்கம்மா."

நான் மனசுக்குள் கைதட்டினேன். அவர் டிக்கெட்டைப் புரட்டினார். "சரியா இருக்கும்மா."

"எப்படி குத்தினே? எப்ப?" என்று லுத்மிலாவைக் கேட்டேன்.

"நீ பாலம் வருதான்னு பார்த்துத் தனியா சிரிச்சுக்கிட்டு இருந்தியே, அப்ப."

"ஐயா, உங்களுக்கு யோகம்யா," என்றார் பரிசோதகர், மூன்றாவது பன்னை எடுத்துக்கொண்டு.

டிராம் பாலத்தில் ஏறியது. "ஐயையோ, ஆத்தைத் தாண்டுறோமே கிழவா!" என்று லுத்மிலா கையைப் பிசைந்தாள். நன்றாகவே பிசைந்தாள்.

கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கினார்கள். டிராம் ஒரு வட்டம் போட்டுத் திரும்பிப் போயே போய்விட்டது. எதிரே காடு. சாயங்கால வெயில் மரத்து உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"தொலைஞ்சுட்டோம்டி," என்றேன், அழுகிற குரலில்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். ஓக் மரத்தடியில் ஒரு காளான். தொப்பி மட்டும் கூட்ஸ் வண்டிச் சக்கரம் அளவு. கீழே ஒரு நாய் நிழலுக்குப் படுத்திருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால் ஒரு குடும்பமே. முழங்காலில் விழுந்தேன். கூடை நிறைந்தது, என் தொப்பி நிறைந்தது, கோட்டுப் பைகள் பிதுங்கின. "அட, இங்கயும் முளைக்குதே!" வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"பொழுது சாயப் போகுது, எழுந்திரு," என்றாள்.

"எங்க?"

அவள் சாலையைத் தாண்டினாள். எதிரே இருந்த மாடிக் கட்டடத்தில் ஏறி ஒரு கதவைத் தட்டினாள். திறந்தது ரதானா!

"வந்துட்டீங்களா! வழி கஷ்டமா இருந்துதாம்மா?"

"கஷ்டமே இல்லடி. அப்பாதான் கூட்டிட்டு வந்தார். நேரா."

நான் லுத்மிலா பக்கம் திரும்பினேன். "இந்தக் கரைன்னு நீதானே சொன்னே?"

"ஆமா, சொன்னேன். நான் வலதுன்னா நீ என்னைக்காவது வலது பக்கம் போயிருக்கியா? உண்மையைச் சொல்லியிருந்தா இந்நேரம் ஏதோ முட்டைக்கோஸ் தோட்டத்துல நின்னுக்கிட்டு இருப்போம்."

அடுத்த மாதமே குடிவந்தோம். உங்களிடம் சொல்வதற்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறது. செப்டம்பர் வந்தால் வாசலைத் தாண்டினால் காளான். எந்த மரத்தடி என்று மட்டும் கேட்காதீர்கள்.

இன்னொன்று. இதை நான் சொன்னதாக யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். "உன் மானம் போயிடும் கிழவா, இதை மட்டும் வெளியில மூச்சு விடாதே" என்று லுத்மிலா நூறு தடவை சொல்லியிருக்கிறாள். அதனால்தான் உங்களிடம்...

ஒரு நிமிஷம் இருங்கள். அவள் எதற்காக நூறு தடவை சொன்னாள்?