எங்கள் மருமகனுக்கு ஓர் இடமாற்றம்

கல்லடி,
செவ்வாய்க்கிழமை.

புஸ்பத்தின் ஒரே தம்பியும் இந்தக் கலியாணத்தைப் பேசி முடித்தவருமான அன்புள்ள மச்சானுக்கு, வினாயகமூர்த்தி எழுதிக்கொள்வது.

நீரும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாயிருக்கக் களுதாவளைப் பிள்ளையாரை வேண்டுகிறேன். நாங்களும் சுகம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை. ஆனால் ஹோலுக்குள் இடுப்பளவுக்குத் தோண்டிய கிடங்கு ஒன்றை வைத்துக்கொண்டு அப்படி எழுதக் கை வருகுதில்லை.

நீர் பார்த்துத் தந்த மருமகன் ரதீஸ் தங்கமான பிள்ளை. அதுதான் கஷ்டமே. குடியில்லை, வெற்றிலையில்லை, குரலுயர்த்திக் கதைத்ததில்லை. பள்ளிக்கூடத்தில் பௌதிகவியல் படிப்பிக்கிறார், மிச்ச நேரமெல்லாம் ஆராய்ச்சி. அதற்குக் குறுக்குத் தொடர்பு என்று பெயராம். ஒரே சத்தத்தை இரண்டு இடத்தில் மைக் வைத்துப் பதிவது, பிறகு ஒரு பதிவுக்கு மேல் மற்றதை வைத்து, இரண்டும் அச்சொட்டாகப் பொருந்தும்வரை மெல்ல நகர்த்துவது. எவ்வளவு நகர்த்தினோமோ அவ்வளவு நேரம் பிந்தித்தான் ஒரு மைக்குக்குச் சத்தம் வந்திருக்கிறது; அதை வைத்துச் சத்தம் புறப்பட்ட இடத்தைச் சொல்லிவிடலாமாம். பூமியதிர்ச்சியை அளப்பவர்களும் நட்சத்திரம் பார்ப்பவர்களும் மூளை டொக்டர்மாரும் இதைத்தான் செய்கிறார்களாம். செய்யட்டும் மச்சான். அவர்களெல்லாம் மாமனார் வீட்டிலா செய்கிறார்கள்?

முதலில் வாவி. தண்ணிக்குள் மீன் பாடும் என்று ஊரில் சொல்வார்களே, அது பாடுகிற இடத்தைக் கண்டுபிடிக்கிறேன் என்று பாலத்தடியில் இரண்டு மைக்கைப் போத்தலில் அடைத்து இறக்கினார். ஒன்று வலையில் சிக்கி வலையைக் கிழித்தது, வலைக்காரரிடம் ஏச்சு வாங்கியது நான். மற்றது இன்னும் வாவிக்குள் கிடக்கிறது. பிறகு மழை எத்தனை நாள் பிந்திக் கிணற்றுக்கு வருகிறது என்று பார்க்க வேண்டுமாம், காலையில் எழும்பித் தண்ணி மட்டம் அளக்கத் தடியோடு கிணற்றடியில் நின்றதும் நான்தான். அதற்குப் பிறகு என் காதிலும் கால் பெருவிரலிலும் வயரைக் கொழுவி, நாடி மேலே அடிப்பதற்கும் கீழே அடிப்பதற்கும் உள்ள இடைவெளியைப் பார்த்துவிட்டு, ரத்தக்குழாய் கொஞ்சம் விறைப்பு, மாமா உப்பைக் குறைக்கவேண்டும் என்றார். அன்றைக்கு நின்றது கருவாடு. இப்போது எனக்கு வைக்கிற மீன் குழம்பை விட வாவித் தண்ணியில் உப்பு அதிகம்.

வேண்டாம் என்று சொல்ல வாயில்லையா என்று கேட்பீர். எப்படிச் சொல்வது? வீட்டை மகள் கஜானிக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு நாங்கள் பின்னறைக்குப் போய்விட்டோம். அவருடைய வீட்டை அவர் கிண்டுகிறார். உம்முடைய அக்காவோ பழைய காலத்து ஆள், மருமகனுக்கு முன்னால் வரவே மாட்டாள். தேத்தண்ணிகூடக் கஜானியின் கையில்தான் போகும்.

போன கிழமை எல்லாப் பைப்பையும் பூட்டியும் தண்ணீர் மீற்றர் சுற்றிக்கொண்டே இருந்தது. நிலத்துக்குள் எங்கேயோ குழாய் ஒழுகுகிறது, வேலைக்கு ஆளைக் கூப்பிடுவோம் என்றேன். ரதீஸுக்கு முகமெல்லாம் வெளிச்சம். ஒழுகுகிற இடத்தில் குழாய் இரையுமாம். கேற்றடியில் ஒரு மைக், குசினிக்குள் பாத்திரம் கழுவுகிற இடத்தில் ஒரு மைக் வைத்து, வீட்டில் ஒருவரும் மூச்சுக் காட்டக்கூடாது என்றார். நான் விறாந்தையில் இருமலை அடக்கிக்கொண்டு இருந்தேன். கொம்பியூட்டரில் பொருத்திப் பார்த்துவிட்டு ஹோலின் பின்சுவரோரமாக ஓர் இடத்தைக் காட்டினார். கலியாணத்துக்கென்று பதித்த டைல்ஸ் மச்சான். அலவாங்கு போட்ட ஒவ்வொரு போடும் என் நெஞ்சில் விழுந்தது. தோண்டினால் காய்ந்த மணல். மறுநாள் திரும்பவும் அளந்தார்.

"ரெண்டு தரமும் அதே இடம் மாமா. இனிக் கணக்குப் பிழைக்க ஏலா," என்று சொல்லி இன்னும் ஆழமாக வெட்டினார்.

அன்று பின்னேரம் புஸ்பம் என் காதுக்குள் வந்து சொன்னாள். அந்தச் சுவருக்கு அடுத்த பக்கம்தான் எங்கள் அறை. இரண்டு நாளும் அதே நேரம் அவள் அங்கே அம்மியில் சம்பல் அரைத்திருக்கிறாள், மருமகனுக்கு அரைத்த சம்பல் விருப்பம் என்று. மூச்சுக் காட்டக்கூடாது என்றதை அவளும் கேட்டவள்தான். ஆனால் மருமகனின் சாப்பாட்டை அவள் சத்தத்தில் சேர்ப்பதில்லை. இரண்டு மைக்கும் நேர்மையாக வேலை செய்து என் மனைவியைக் கண்டுபிடித்திருக்கின்றன. இதை மருமகனிடம் சொல்லக்கூடாது, சொன்னால் வெட்கத்தில் செத்துப்போவேன் என்று என்னிடம் சத்தியமும் வாங்கிவிட்டாள். நாளைக்கு அந்தச் சுவரை உடைக்கப் போகிறாராம்.

உமக்குக் கல்விக் கந்தோரில் ஆட்களைத் தெரியும். மன்னாருக்கோ மலைநாட்டுக்கோ, எங்கேயாவது ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவரை மாற்றிவிடும். கடதாசி ஆலை இரைச்சலுக்குள் கிடந்து உழைத்துக் கட்டிய வீடு. மிச்ச நாளையாவது அமைதியாய்க் கழிக்கலாம் என்று நினைத்தேன். நான் நொந்துபோனேன் மச்சான், இதற்குமேல் தாங்க ஏலாது.

தங்கச்சிக்கு எங்கள் அன்பு, பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. உங்கள் வீட்டுத் தரையையாவது பிள்ளையார் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உம்முடைய அத்தான்,
வினாயகமூர்த்தி

பிற்குறிப்பு: தபாலில் போடமுன் உம்முடைய அக்கா இதை வாங்கி வாசித்துவிட்டாள். மன்னார் என்ற இடத்தில் நின்றுவிட்டாள். அவரை மாற்றினால் கஜானியும் கூடப் போய்விடுவாள் என்பது எனக்கு ஏனோ தோன்றவில்லை, அவளுக்குத் தோன்றியது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நேராக ஹோலுக்குப் போய், கிடங்குக்குள் அலவாங்கோடு நின்ற மருமகனுக்கு முன்னால் நின்றாள்.

"ரெண்டு நாளும் அம்மியில அரைச்சது நாந்தான் மனே. சுவரை உடைக்காதீங்க. எங்கட பிள்ளையக் கூட்டிக்கிட்டு எங்கயும் போயிராதீங்க," என்றாள்.

அவர் அலவாங்கைச் சுவரோடு சாத்தினார்.

"மாமி, இன்னொருக்கா அரைங்க. அம்மிச் சத்தம் எதெண்டு தெரிஞ்சாக் கழிச்சுப்போட்டு மிச்சத்தப் பாக்கலாம்."

அவள் அரைத்தாள், அவர் கழித்தார். ஒழுகுகிற இடம் என் கட்டிலுக்குக் கீழே. கட்டிலை முற்றத்தில் போட்டுவிட்டுத் தோண்டினார், தண்ணீரும் வந்துவிட்டது. அப்போது தொடங்கிய மாமி மருமகன் கதை இன்னும் முடியவில்லை, எனக்குச் சோறு போடத்தான் ஆளில்லை.

ஆகையால் மேலே எழுதியதெல்லாவற்றையும் மறந்துவிடும். ரதீஸ் எங்கேயும் போகக்கூடாது, யாராவது மாற்றப் பார்த்தாலும் நீர்தான் நின்று தடுக்கவேண்டும். போகவேண்டியவன் நான். உங்கள் வீட்டில் ஒரு கட்டில் போட இடமிருந்தால் உடனே அறிவியும். புஸ்பத்தையும் கூப்பிட்டேன். மருமகன் வேலையாக நிற்கிறார், நீங்க போயிட்டு வாங்க என்கிறாள்.