ஆராய்ச்சியாரின் கண்ட்ரோல்

சூரியனுக்கு டோக்கன் கொடுத்தார்கள்.

சிரிக்காதீர்கள், நிஜம். உலகத்துக்கே இலவசமாக விழுகிற வெயிலை, மூடிக் கிடந்த ஒரு சினிமா தியேட்டருக்குள் வைத்து விநியோகித்துக்கொண்டிருந்தார் ஒருவர். வரிசை வாசலைத் தாண்டி, சைக்கிள் ஸ்டாண்டைச் சுற்றி, தெருமுனை வரை நீண்டிருந்தது. தலையில் விழுந்த வெயிலைச் செய்தித்தாளால் மறைத்துக்கொண்டு, உள்ளே போய் வெயில் வாங்கக் காத்திருந்தது ஜனம்.

அவருக்குக் காவி கிடையாது. தாடி கிடையாது. உடுக்கை, வேப்பிலை, எலுமிச்சம்பழம் எதுவும் கிடையாது. அதெல்லாம் பழைய கம்பெனி. இவர் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். பாக்கெட்டில் வரிசையாகப் பேனாக்கள். மந்திரம் ஒன்றே ஒன்று: “ஆராய்ச்சி சொல்லுது!” எந்த ஆராய்ச்சி, யார் செய்தது, யாரை வைத்துச் செய்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. அதனால் ஊரே அவருக்கு ஆராய்ச்சியார் என்று பெயர் வைத்துவிட்டது.

மேடையில் ஒரு நாற்காலி. உட்காருபவர் தலையில் மாட்ட ஒரு கவசம். கவசத்திலிருந்து கிளம்பிய வயர் கூரையைத் துளைத்துக்கொண்டு மொட்டை மாடியில் இருந்த சோலார் பேனலுக்குப் போனது. போனதாகச் சொன்னார்கள். பக்கத்தில் ஆள் உயர மீட்டர் ஒன்று. அதன் இடது பாதி கறுப்பு, ‘இருட்டு’ என்று எழுதியிருந்தது. வலது பாதி மஞ்சள், ‘வெளிச்சம்’. மனம் சோர்ந்தவரை உட்கார வைத்ததும் முள் கறுப்பில் படுத்துக் கிடக்கும். ஆராய்ச்சியார் மேடைக் கம்பளத்தில் காலூன்றி, கண்ணை மூடி ஏதோ கணக்குப் போடுவார். முள் மெல்ல எழுந்து மஞ்சளுக்கு ஏறும். கூட்டம் எழுந்து நின்று கை தட்டும். இத்தனை பேர் கை தட்டினால் யாருக்குத்தான் மனசு லேசாகாது? உட்கார்ந்தவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இப்ப நல்லா இருக்குங்க” என்பார்.

ஒரே ஒரு நிபந்தனை. ஹாலுக்குள், வாசலோரமாக ஒரு நீல டிரம் இருந்தது. மனநல டாக்டர் கொடுத்த மாத்திரைகளை அதில் போட்டுவிட்டுத்தான் மேடை ஏற வேண்டும். “மாத்திரை உடம்புல இருந்தா சூரியன் உள்ள வராது. ஆராய்ச்சி சொல்லுது!”

அந்த டிரம்மைத்தான் அக்கா முறைத்துப் பார்த்தாள். அவளுடன் அம்மாவும் தம்பியும் வந்திருந்தார்கள். வந்திருந்தார்கள் என்ன, அவர்கள்தான் அவளை இழுத்து வந்தார்கள்.

அக்கா ஊருக்கு வெளியே இருக்கும் சோலார் மின் நிலையத்தில் கண்ட்ரோல் இன்ஜினியர். வெயில் ஏறினாலும் இறங்கினாலும் மின்சாரம் தடுமாறாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. சூரியனோடு சம்பளத்துக்குப் பழகுகிறவள். ஆராய்ச்சியார், “யாருக்காவது சந்தேகம் இருந்தா கேக்கலாம்” என்று வழக்கம்போல் சொல்லிவிட்டு வழக்கம்போல் நகரப் பார்த்தபோது, அவள் கையைத் தூக்கினாள்.

“ஐயா, வெளிய இப்ப மேகம் மூடிடுச்சு. எங்க நிலையத்துல கரன்ட் பாதிக்கும் கீழ இறங்கிடுச்சுன்னு போன்ல வந்திருக்கு. உங்க முள்ளு மட்டும் எப்படி முழுசா ஏறுது?”

ஆராய்ச்சியார் புன்னகைத்தார். “உங்க பேனல் பல்பு எரிய வைக்கிற பேனல்மா. இது மனசை ஒளிர வைக்கிற பேனல்.”

கைதட்டல்.

“சரிங்க. இந்த ஆராய்ச்சிக்கு கண்ட்ரோல் இருக்கா?”

அவர் ஒரு நொடி விழித்தார். பிறகு முகம் மலர்ந்தது. மீட்டர் பக்கம் போய், அதிலிருந்த பெரிய சிவப்புத் திருகைப் பெருமையாகத் திருகிக் காட்டினார். “இதோ இருக்கே கண்ட்ரோல்! கூட்டலாம், குறைக்கலாம். வெளிநாட்டு சரக்கு!”

இன்னும் பெரிய கைதட்டல். முன்வரிசையில் இருந்த ரிட்டயர்டு ஹெட் கிளார்க் திரும்பி, “படிச்ச பொண்ணு! கண்ணு முன்னாடி இருக்கிற கண்ட்ரோல் தெரியல பாருங்க” என்று ஊருக்கே வருத்தப்பட்டார்.

“அது இல்லைங்க. ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு கூட்டம் வேணும். பாதிப் பேரை நிஜ நாற்காலியிலயும், மீதிப் பேரை வயரே இல்லாத நாற்காலியிலயும் உக்கார வெச்சு...”

“வயர் இல்லாத நாற்காலிக்கு இவ்வளவு தூரம் எதுக்கும்மா வரணும்? அது உங்க வீட்லயே இருக்குமே!”

தியேட்டர் குலுங்கியது. காமெடிப் படம் ஓடிய காலத்தில்கூட அங்கே இப்படிச் சிரித்திருக்க மாட்டார்கள். அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். “போற இடத்துல எல்லாம் உன் கண்ட்ரோல் ரூம் புத்தியக் காட்டாதடி. வர்ற ஞாயித்துக்கிழமை இவனுக்கு டோக்கன் போட்டாச்சு. பேசாம இரு.”

வீட்டுக்கு வந்ததும் தம்பி அவள் அறைக் கதவில் சாய்ந்து நின்றான்.

“நீ என்ன சொல்லப் போறன்னு எனக்குத் தெரியும்கா.”

“அப்ப நீயே சொல்லிடு. எனக்கு மூச்சு மிச்சம்.”

அவன் சிரிக்கவில்லை. பஸ் டிரைவர் அவன். மனச்சோர்வு வந்து, மருந்து எடுத்து, தேறி, மறுபடி வேலைக்குப் போகிறான். ஆனால் மாத்திரை போட்டால் தூக்கம் சொக்குகிறது என்று டெப்போவில் ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு மைக்கைக் கொடுத்துவிட்டார்கள்.

“பஸ் வர்றதையும் போறதையும் மைக்ல சொல்றேன். என் பஸ்ஸ இப்ப எவனோ ஓட்டிட்டுப் போறான். அதையும் நான்தான் மைக்ல சொல்றேன். எனக்கு எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா?”

அக்காவுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது வேறு. முன்பு ஒருமுறை யாரையும் கேட்காமல் அவன் மாத்திரையை நிறுத்தினான். கொஞ்ச நாளில் அவனை மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் மேலிருந்து இறக்கிக் கூட்டி வந்தது அவள்தான். வெறுங்கையோடு, பேச்சுக் கொடுத்துக்கொண்டே. அதை அம்மாவிடம் இன்றுவரை சொன்னதில்லை.

சண்டை போட்டால் அவன் அந்த டிரம்மை நோக்கி இன்னும் வேகமாக நடப்பான். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“போலாம்டா. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நம்ம தெரு டெய்லர் அண்ணனோட சித்தியும் அன்னைக்கு வர்றாங்க. உன்னைவிட நிலைமை மோசம். அவங்க முதல்ல உக்காரட்டும். அதைப் பாத்துட்டு நீ மாத்திரையை டிரம்ல போடு.”

“டெய்லர் அண்ணனுக்கு சித்தி இருக்காங்களா?”

“கடையிலயேதான் இருக்காங்க. நீ கவனிச்சதில்ல.”

பொய்யில்லை. கடையிலேயேதான் இருந்தாள். கண்ணாடி ஷோகேஸுக்குள், கையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை டெய்லர் அந்தத் துணிக்கடைப் பொம்மையை இடுப்போடு கழற்றினார். கால்களை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, மேல் பாதியை வாடகை வீல்சேரில் தலையணைகளுக்கு நடுவே உட்கார வைத்தார். போர்வை, கழுத்துத் துணி, முகத்தை மறைக்கிற மாதிரி தலையில் சால்வை. தள்ளி நின்று ரசித்தார்.

“எங்க சொந்தத்துல இவ்வளவு அமைதியான ஆள் கிடையாதும்மா” என்றார்.

தியேட்டரில் அன்றைக்கும் கூட்டம் பிதுங்கியது. தம்பி கையில் மாத்திரை அட்டையைப் பிடித்துக்கொண்டு டிரம் ஓரமாக நின்றான். அம்மா அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். டெய்லர் வீல்சேரை மேடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

“எங்க சித்திங்க. யாரும் தொட்டா ஆகாது. கவசத்த நானே மாட்டிடறேன்.”

“பேசுவாங்களா?” என்றார் ஆராய்ச்சியார்.

“வாயே திறக்கறதில்ல.”

“சாப்பாடு?”

“ஒரு பருக்கை இறங்கறதில்லைங்க.”

“தூக்கம்?”

“கண்ணை மூடி நான் பாத்ததே இல்ல. சிரிச்ச முகமாவே இருப்பாங்க. யார் எதைப் போட்டு விட்டாலும் போட்டுக்குவாங்க. வெளிய கூட்டிட்டு வந்ததே இன்னைக்குத்தான்.”

ஆராய்ச்சியார் கூட்டத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். “கேட்டீங்களா? சிரிச்ச முகம், உள்ள அடர்ந்த இருட்டு! இந்த மாதிரி கேஸைப் பெரிய ஆஸ்பத்திரியே கைவிட்டுடும். ஆராய்ச்சி சொல்லுது!”

முள் கறுப்பின் அடியாழத்தில் கிடந்தது. பெண்கள் ‘உச்’ கொட்டினார்கள். ஆராய்ச்சியார் கண்ணை மூடினார். கணக்குப் போட்டார். முள் அசைந்தது. எழுந்தது. நடுக்கோட்டைத் தாண்டி, மஞ்சளில் ஏறி, கடைசிக் கோட்டைத் தொட்டுத் துடித்தது. அதுவரை எந்த நோயாளிக்கும் அவ்வளவு ஏறியதில்லை.

கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. ஹெட் கிளார்க் கண் கலங்கிவிட்டார்.

“அம்மா! உங்களுக்கு இப்ப எப்படி இருக்கு? ஒரு வார்த்தை சொல்லுங்க!” என்று மைக்கை நீட்டினார் ஆராய்ச்சியார்.

சித்தி யோசித்தாள். யோசித்துக்கொண்டே இருந்தாள்.

அக்கா மேடை ஏறி, கவசத்தையும் சால்வையையும் எடுத்தாள்.

பளபளப்பான பிளாஸ்டிக் மூஞ்சி. வரைந்த புருவம். கழுத்தில் விலைச் சீட்டு.

தியேட்டரில் பின்வரிசைக் குழந்தை ஒன்று விக்கியதுகூடக் கேட்டது.

“போன வாரம் நான் கேட்ட கண்ட்ரோல் இதுதாங்க” என்றாள் அக்கா. “மனசே இல்லாத ஆளை உக்கார வெச்சாலும் முள்ளு ஏறுதுன்னா, முள்ளு மனசை அளக்கலன்னு அர்த்தம். அப்ப எதை அளக்குது? அதையும் பாத்துடலாம். கொஞ்சம் காலை எடுங்க ஐயா.”

ஆராய்ச்சியார் காலை எடுக்கவில்லை. அவர் நின்ற கம்பளம் மட்டும் ஓரிடத்தில் புடைத்திருந்தது. அவர் அசைந்ததும் மீட்டர் முள்ளும் அசைந்தது. டெய்லர் குனிந்து கம்பளத்தை இழுத்தார். அடியில் இருந்ததைப் பார்த்ததும் அவருக்கு வாயெல்லாம் பல்.

“அட, இது நம்ம சரக்கு! மோட்டார் வெச்ச தையல் மிஷினோட மிதி. லேசா மிதிச்சா மெதுவா ஓடும், அழுத்தி மிதிச்சா வேகமா ஓடும். எங்க தொழில்ல இதுக்கு ஃபுட் கண்ட்ரோல்னு பேரு!”

கண்ட்ரோல் இருந்திருக்கிறது. காலுக்குக் கீழே இருந்திருக்கிறது.

மாடிக்கு ஓடிய இரண்டு பேர் பேனல் வயரைப் பிடித்துக்கொண்டே இறங்கி வந்தார்கள். அது கவசத்துக்கு வரவில்லை. ஆராய்ச்சியாரின் ஓய்வறைக்குள் போய், அங்கே ஒரு குட்டி ஃப்ரிட்ஜில் முடிந்தது. ஊரார் மனதைக் குளிர வைத்ததாகச் சொன்ன சூரியன், அவருடைய சோடாவைக் குளிர வைத்துக்கொண்டிருந்தது.

“பொம்மைக்கும் நுண்ணிய மனசு உண்டு! ஆராய்ச்சி...” என்று ஆரம்பித்தார் அவர். யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்புக்கு முன்னால் எந்த மந்திரமும் நிற்காது. பின்கதவால் ஓடியவரை சைக்கிள் ஸ்டாண்ட்காரர் மடக்கிப் பிடித்துப் போலீஸ் வரும்வரை உட்கார வைத்தார். சீட்டு இல்லாமல் எதையும் வெளியே விடுவதில்லை என்பது அவர் கொள்கை.

ஜனம் இப்போது நீல டிரம்மைச் சூழ்ந்துகொண்டது. “என்னுது பச்சை அட்டைங்க!” “யோவ், அது எங்க மாமனாருது!” மனம் ஒளிர்ந்தவர்கள் எல்லாம் தலைகீழாகக் குனிந்து துழாவினார்கள்.

தம்பியின் அட்டை இன்னும் அவன் கையில்தான் இருந்தது. ஆனால் முகம் சிவந்திருந்தது.

“பொம்மையக் காட்டி என்னையும் பொம்மையாக்கிட்டல்ல?”

“உன்னை இல்லடா. நீ நல்லாகணும்னு ஆசைப்பட்ட. அதுல என்ன தப்பு? அந்த ஆசையைத்தான் அவன் மிதிச்சான்.”

அவன் அட்டையை அவள் முகத்துக்கு நேராக நீட்டினான். “அப்ப இது மட்டும் என்ன ஒசத்தி? இதை யாராச்சும் இப்படிச் சோதிச்சுப் பாத்தாங்களா?”

“பாத்திருக்காங்க” என்றாள் அக்கா. “பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. எது யாருக்குன்னு சாப்பிடறவனுக்கும் தெரியாது, குடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. மாவு சாப்பிட்டும் கொஞ்சம் பேர் தேறினாங்க. நிஜ மருந்து சாப்பிட்டு அதைவிட அதிகம் பேர் தேறினாங்க. அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிறதுக்குத்தான் ஆராய்ச்சின்னு பேரு. எல்லாரும் தேறிட்டாங்கன்னு சொன்னா அது விளம்பரம்.”

“எனக்குத் தூக்கம் வருதே?”

“அதை டாக்டர்கிட்ட சொல்லு. வேற மருந்து இருக்கான்னு கேளு, அளவைக் குறைக்க முடியுமான்னு கேளு. நீயா நிறுத்தாத. கேள்வி கேட்டதுக்கு அவர் கோவிச்சுக்கிட்டா, வேற டாக்டரைப் பாப்போம்.”

அவன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அம்மாவின் கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, அன்றைய மாத்திரையைப் போட்டு விழுங்கினான்.

“நாளைக்கு லீவு போடறேன். நீயும் வா” என்றான். “டாக்டர்கிட்ட நிறைய கேக்கணும்.”

அம்மா பாட்டிலை வாங்கி மூடினாள். அவளும் வருவதாகச் சொன்னாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஊர் விடவில்லை.

இரண்டொரு நாள் கழித்து டெய்லர் கடையைத் திறக்க வந்தபோது வாசலில் ஒரு வரிசை நின்றது. முன்னால் ஹெட் கிளார்க்.

“மிதியெல்லாம் இருக்கட்டும்பா. ஆனா முள்ளு வேற யாருக்கும் அந்த அளவு ஏறல பாரு. அந்தப் பொம்மைகிட்ட ஏதோ இருக்கு. ஒரு தடவை தொட்டுட்டுப் போயிடறோம்.”

பொம்மையின் தலைக்குள் இருப்பது காற்று. அது அதன் குற்றமில்லை, அப்படித்தான் செய்தார்கள். நம் தலைக்குள் வேறு ஒன்று இருக்கிறது, ஐயா. உறையைக்கூடப் பிரிக்காமல் எத்தனை நாள் வைத்திருக்கப் போகிறோம்?