வளைவில் நிற்காத டிவிடி பிளேயர்

எனக்கு எல்லாம் தெரியும் என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. ஏழெட்டு வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை எட்டே முக்கால் மணி வரை அது நீடித்தது.

நான் பள்ளி ஆசிரியை. எங்கள் தொழிலில் இந்த வியாதி சீக்கிரம் வந்துவிடும். நாள் முழுக்க நாற்பது பிள்ளைகள் நம் பேச்சுக்குத் தலையாட்டினால், வீட்டிலும் கடையிலும் எல்லோரும் ஆட்டுவார்கள் என்று தோன்றிவிடும். போதாததற்கு நான் நாகலூர்க்காரி, மலையில் பிறந்து வளர்ந்தவள். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். பஸ் ஜன்னலில் தலையை நீட்டி, வளைவுக்கு வளைவு வாந்தி எடுக்கும் சுற்றுலாப் பயணிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சின்னதாக ஒரு பெருமை வரும். (வாய்விட்டுச் சொன்னதில்லை. முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும் என்பார் என் கணவர்.)

அந்தப் பெருமைக்கு விழுந்த ஒரே அடி என் மகள் மெர்லின். அப்போது அவளுக்குப் பத்து வயது. மைக்கைப் பிடித்தால் மழை மாதிரி பேசுவாள். வளைவு வந்தால் அதே வேகத்தில் வாந்தி எடுப்பாள். அதற்கு முந்தைய வருடம் சேலத்தில் நடந்த பேச்சுப் போட்டிக்குக் கூட்டிப்போனேன். ஒன்பதாவது வளைவிலேயே வெளுத்துவிட்டாள். மேடையில் ஏறி, வணக்கம் சொல்லி, இரண்டு வரி பேசி, மூன்றாவது வரி வராமல் நின்றாள். நின்றவள் அப்படியே அழுதுகொண்டு இறங்கி வந்தாள். அடுத்த வருடம் மறுபடி தேர்வானபோது என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"இந்தத் தடவையும் அப்படி ஆச்சுன்னா இனிமே மேடையே வேணாம்மா."

அவள் விளையாட்டுக்குச் சொல்கிற பிள்ளை இல்லை.

என் கணவர் சேவியர் காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். கூலியாட்களின் வருகையை எழுதுவதும் வேலை வாங்குவதும் அவர் பொறுப்பு. ஊரே பதறினாலும் பதறாத மனிதர்.

"ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில குடுத்து முன் சீட்டுல ஒக்கார வெச்சா சரியாப் போயிரும் புள்ள" என்றார்.

"எலுமிச்சம்பழமா? ஏனுங்க, நாம எந்தக் காலத்துல இருக்கறோம்?" என்றேன். "அவ மனசு வளைவு மேலயே இருக்குது. அதை வேற பக்கம் திருப்பிட்டா வயிறு தானா அடங்கிரும். பாக்கறதுக்கு ஏதாவது குடுக்கோணும்."

(வாந்தியே வராதவளுக்கு வாந்தியைப் பற்றி என்ன தெரியும்? ஆனாலும் அன்று நான் பேசிய தோரணையைப் பார்த்திருந்தால் டாக்டர்களே குறிப்பெடுத்திருப்பார்கள்.)

செல்போனைக் கொடுக்க வழியில்லை. பெற்றோர் கூட்டத்தில் அரை மணி நேரம் நின்று, பிள்ளைகள் கையில் போன் கொடுக்காதீர்கள் என்று முழங்கியவள் நான். அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் எங்களுக்கு அக்கம்பக்கம். ஆனால் டிவிடி பிளேயர் வேண்டாம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. வீட்டில் ஒரு டப்பா நிறைய குழந்தைகள் கதை டிவிடிகள் தூசி படிந்து கிடந்தன. கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி சின்னதாக ஒரு பிளேயர் வாங்கிவிட்டால் தீர்ந்தது.

அடுத்த வாரமே பதினோரு கேள்விகளை நோட்டில் எழுதிக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினேன். திரை எத்தனை அங்குலம், பேட்டரி எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் சில்லறைக் கேள்விகள். ஏழாவது கேள்விக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தேன்: வளைவில் படம் நிற்குமா?

கடைக்காரர் நடுவயதுக்காரர். கேட்டதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இப்பெல்லாம் இதை யாருங்க டீச்சர் வாங்கறாங்க? எல்லாம் போன்லயே வந்துருச்சுங்களே."

போனின் தீமைகள் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். இரண்டாவது நிமிடத்திலேயே அவர் உள்ளே போய் மூன்று பிளேயர்களை எடுத்து வந்து தூசி தட்ட ஆரம்பித்துவிட்டார்.

"குலுங்கினா படம் நிக்குமுங்களா?"

"அப்படி யாரும் குலுக்கிப் பாத்ததில்லீங்க."

அந்தக் குறையை நான் தீர்த்துவைத்தேன். முதல் பிளேயரை ஓடவிட்டு, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, கடை நடுவில் வரிசையாக நின்ற பிரிட்ஜ்களுக்கு இடையே நடந்தேன். ஒவ்வொரு பிரிட்ஜும் ஒரு வளைவு. வளைவு வந்ததும் உடம்பைச் சாய்த்துச் சட்டென்று திரும்பினேன். டிரைவர் பிரேக் போடும் இடங்களில் ஒரு குதி குதித்தேன். வளைவுகளுக்கு அடிவாரத்திலிருந்துதான் எண்; மேலேயிருந்து இறங்கும்போது இருபதில்தானே ஆரம்பிக்க வேண்டும்? "இருபது... பத்தொன்பது..." என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே போனேன். மிக்ஸி வாங்க வந்த குடும்பம் ஒன்று மிக்ஸியை மறந்துவிட்டு என்னையே பார்த்தது.

"டீச்சர், கொஞ்சம் மெதுவாங்க. அந்தப் பக்கம் கண்ணாடிச் சாமான் இருக்குதுங்க."

முதல் பிளேயர் பதினேழாவது வளைவில் நின்றது. இரண்டாவதன் மூடி பதினான்கில் படக்கென்று சாய்ந்தது. மூன்றாவது இருபது வளைவும் இறங்கி, அடிவாரம் தொட்டு, படம் ஒரு நொடிகூட நிற்காமல் ஓடியது. எனக்கு மூச்சு வாங்கியது.

"இதுதானுங்க" என்றேன்.

"டப்பாவுக்கு ஒண்ணும் ஆவாதுங்க டீச்சர். பாக்கறவங்களுக்குத்தான் தலை சுத்தும்" என்றார் கடைக்காரர்.

"நான் நாகலூருங்க" என்றேன். அதற்குமேல் அவருக்கு என்ன விளக்குவது?

போட்டி நாள் வந்தது. வாடகை வேனில் காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். பனி இறங்கியிருந்ததால் புடவைக்கு மேல் என் அரக்கு நிற ஸ்வெட்டரைப் போட்டிருந்தேன். டிரைவர் பக்கத்தில் கணவர். பின் சீட்டில் நானும், வெள்ளைச் சட்டையும் நீலப் பாவாடையுமாக மெர்லினும். என் மடியில் டிவிடி பிளேயர்.

"எனக்கு வேணாம்மா. நான் வெளிய பாத்துட்டு வர்றேன்."

"கொஞ்ச நேரம் பாரு கண்ணு. படம் நிக்காம ஓடுதான்னு அம்மா முதல்ல பாத்துட்டுத் தர்றேன்."

வழியில் பனி விலகிவிட்டது. வெயில் பட்டால் திரை தெரியவில்லை. அதனால் முந்தானையால் மூடாக்குப் போட்டு, அதற்குள் தலையை நுழைத்துக்கொண்டேன். திரையில் ஒரு முயல் ஓடிக்கொண்டிருந்தது. வேன் முதல் வளைவில் திரும்பியது. முயல் நிற்கவில்லை.

"இருபது போச்சு! நிக்கலீங்க!" என்று மூடாக்குக்குள்ளிருந்து அறிவித்தேன்.

"நொம்ப சந்தோசம்" என்றார் கணவர், திரும்பாமலே.

பத்தொன்பது. நிற்கவில்லை. பதினெட்டு. நிற்கவில்லை. பதினைந்து வரை உரக்க அறிவித்தேன். பதின்மூன்றில் குரல் இறங்கியது. பதினொன்றில் முயலுக்கு நான்கு காதுகள் தெரிந்தன. காலையில் சாப்பிட்ட இட்லியும் சாம்பாரும் எங்கேயோ கிளம்பத் தயாராவது போல் இருந்தது. நாக்குக்கடியில் தண்ணீர் ஊறியது. இது என்ன என்று எனக்குப் புரியவில்லை. நாற்பத்து மூன்று வருடங்களாக அறிமுகமில்லாத உணர்வு.

"ஏம்புள்ள, சத்தத்தையே காணோம்? வண்டிய நிறுத்தச் சொல்லட்டா?"

வேண்டாம் என்று கையை ஆட்டினேன். நாகலூர்க்காரி வண்டியை நிறுத்துவதா? வாயைத் திறக்க மட்டும் தைரியமில்லை.

ஒன்பதாவது வளைவில் வாய் தானாகவே திறந்துகொண்டது.

மூடாக்கிலிருந்து தலையை எடுத்து ஜன்னல் பக்கம் திரும்பினேன். ஜன்னல் பக்கம் மெர்லின் இருந்தாள்.

வேன் நின்றது. டிரைவர் திரும்பிப் பார்த்து, "பாப்பாவுக்குத்தானுங்க வரும்னு சொன்னீங்க?" என்றார் உண்மையான குழப்பத்தோடு. முந்தைய வருடம் நான் அவளுக்குச் செய்தது போலவே மெர்லின் என் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் சட்டை முழுக்க சாம்பார். தோளில் ஒரு கறிவேப்பிலை. என் காலடியில் கவிழ்ந்து கிடந்த டிவிடி பிளேயரிலிருந்து முயல் பாடும் சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது. நான் தேர்ந்தெடுத்த பொருளில் குறையே சொல்ல முடியாது.

அடிவாரத்துக் குழாயில் கழுவினோம். வெள்ளைச் சட்டை மஞ்சளாகி, ஈரமாகி, உடம்போடு ஒட்டிக்கொண்டது. மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. புதுத் துணி வாங்க நேரமில்லை. சேதமில்லாமல் தப்பியது என் ஸ்வெட்டர் மட்டும்தான். நடுவழியில் வேர்த்ததால் கழற்றி முன் சீட்டில் கொடுத்திருந்தேன். அதை எடுத்து அவளுக்குப் போட்டு, கழுத்து வரை பித்தான் மாட்டினேன். முழங்கால் வரை தொங்கியது. எனக்கு அழுகை முட்டியது. பிள்ளையின் மேடை ஆசைக்கு என் கையாலேயே முடிவு கட்டிவிட்டேன்.

"பயமா இருக்குதா சாமி?" என்று கேட்டேன்.

"நீங்க பண்ணதுக்கு மேல இன்னிக்கு எனக்கு என்னம்மா ஆயிரப் போவுது?" என்றாள்.

போட்டி நடந்த அரங்கில் மின்விசிறிகள் அனல் காற்றை வீசின. அந்தப் புழுக்கத்தில் அரக்கு ஸ்வெட்டரோடு என் மகள் மேடையேறினாள். நான் கடைசி வரிசையில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். முதல் வரி. இரண்டாவது வரி. மூன்றாவது வரி வந்தது. நான்காவதும் வந்தது. முகமெல்லாம் வியர்வை வழிய, ஒரு சொல் தடுக்காமல் ஐந்து நிமிடமும் பேசி முடித்தாள்.

கைதட்டல் அடங்கியதும் நடுவர்களில் பெரியவர் ஒருவர் மைக்கை இழுத்தார். "நல்லாப் பேசினே கண்ணு. இந்த வெயில்ல எதுக்கு ஸ்வெட்டரு?"

"ஏற்காடுங்க ஐயா. அங்க குளிருங்க."

"இங்க குளிரலையே?"

"இங்க அம்மா சட்டை மேல வாந்தி எடுத்துட்டாங்க ஐயா."

அரங்கமே சிரித்தது. சிரித்ததோடு விட்டிருந்தால் போயிருக்கும். "எந்த அம்மா?" என்று பெரியவர் கேட்க, மெர்லின் கையை நீட்டித் தூணைக் காட்டினாள். முந்நூறு தலைகள் திரும்பின. இன்றைக்கும் எங்கேயாவது கூட்டமாகத் தலைகள் திரும்பினால் என் கை தானாகத் தூணைத் தேடுகிறது.

இரண்டாம் பரிசு கிடைத்தது. அன்றிலிருந்து அவள் மேடைக்குப் பயந்ததே இல்லை.

இப்போது கல்லூரிக்குப் போகிறாள். போன மாதம் அவள் மேற்கொண்டு என்ன படிக்க வேண்டும், எங்கே வேலை தேட வேண்டும், எந்த வயதில் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று சாப்பாட்டு மேசையில் நான் மிகத் தெளிவாக விளக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். அப்பாவும் மகளும் ஆளுக்கொரு தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒன்பதாவது வளைவு வரப்போவது போல, நாற்காலிகளை என்னிடமிருந்து ஓரடி தள்ளிப் போட்டிருந்தார்கள்.