அஞ்சரைக்கு அடிக்காத போன்

சுனாமி வீட்டுத்திட்டம்,
மட்டக்களப்பு.
16.11.2010

கனம் பொருந்திய மச்சாள் பிரஷாந்தி அவர்களுக்கு,

மாமாங்கேஸ்வரர் கிருபையால் இங்கு நானும், தங்கள் அக்கா கண்ணகையும், தங்கள் பெறாமகள் யசோதினியும், தாங்கள் அனுப்பிய படிவத்தில் ‘பரவாயில்லை’ என்ற கட்டத்தில் புள்ளடி போடக்கூடிய அளவுக்குச் சுகமாக இருக்கிறோம். தாங்களும் அதே கட்டத்திலோ அதற்கு மேற்பட்ட கட்டத்திலோ இருக்க வேண்டுகிறோம். இந்த இடத்தில் ‘நிற்க’ என்று எழுதுவது கடித முறை. யசோதினி இரண்டு கிழமையாக நின்ற கதையைத்தான் எழுதப்போகிறேன் என்பதால் அந்தச் சொல்லைத் தவிர்க்கிறேன்.

கனடாவிலிருந்து தொலைபேசி மூலம் தாங்கள் எமது வீட்டில் நடத்திவரும் உடற்பயிற்சி மற்றும் சத்துணவுத் திட்டத்தை இத்துடன் நிறுத்திக்கொள்ளுமாறு, பஸ் நிலையத்தில் முப்பது வருடமாக நேரக்காப்பாளராகக் கடமையாற்றும் நல்லரத்தினம் ஆகிய நான் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இதைப் போனிலேயே சொல்லலாமே என்று தாங்கள் கேட்கலாம். போனில் தாங்கள் ‘மூச்சை இழுங்கோ, மூச்சை விடுங்கோ’ என்கிறீர்களே தவிர, விட்ட மூச்சில் ஒரு வார்த்தை பேச எனக்கு இடம் தருவதில்லை.

முதலிலிருந்தே சொல்கிறேன். யசோதினி பேசாத பிள்ளை என்பது கடல் வருவதற்கு முன்னமே எங்களுக்குத் தெரியும். நாலு வயதாகியும் அம்மா என்று சொன்னதில்லை, கூப்பிட்டால் திரும்பியதில்லை, கையைப் பிடித்தால் நெருப்புப் பட்டது போல உதறிவிடுவாள். ஆனால் சுனாமிக்குப் பிறகு வாகனத்துக்கு மேல வாகனமா வந்த ஆக்கள் எல்லாரும், முகாமில பாயில குந்தியிருந்தவளைப் பார்த்திட்டு, அலையைக் கண்ட பயத்தில புள்ளைக்குப் பேச்சு நிண்டுபோச்சு எண்டு எழுதிக்கொண்டு போனாங்க. இல்ல ஐயா, அலைக்கு முதலே இப்படித்தான் எண்டு நான் சொன்னா, அதுக்கு அவங்கட தாளில கட்டம் இல்ல. ஒருத்தர் பந்து தந்தார், இன்னொருத்தர் கரடிப் பொம்மை தந்தார், மூண்டாவது ஆள் அந்தக் கரடியோட அவளை இருத்திப் படம் எடுத்தார். திட்டம் முடிஞ்சுதாம், ஒருத்தரும் மறுகா வரல்ல. சண்டை முடிஞ்சாப்போல வந்தவங்க வேற தாள் கொண்டு வந்தாங்க, அதிலயும் கட்டம் இல்ல. இதுக்கு ஓட்டிசம் எண்டு ஒரு பேர் இரிக்கு, இது தாயும் தகப்பனும் செய்த குற்றமில்ல எண்டு போனில சொன்னது நீதான். அதைக் கேட்டு உன்ட அக்கா அண்டைக்கு முழுக்க அழுதா. அதோட நீ விட்டிருக்கலாம். ஆனா நீ அங்க இதைப் பற்றிப் படிச்ச படிப்பை எங்கட வீட்டுக்குள்ள இறக்க வேணும் எண்டு நிண்டாய்.

மே மாதம் ஒன்பதாம் தேதி தொடங்கினது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அஞ்சரை, உனக்கு அங்க காலமை எட்டு. போனை ஸ்பீக்கரில போட வேணும், நீ எண்ண எண்ண யசோதினி நண்டு நடை நடக்க வேணும், தவளைப் பாய்ச்சல் பாய வேணும், ஆனை மாதிரிக் குனிஞ்சு தும்பிக்கை ஆட்ட வேணும். சரி, நல்ல விஷயம்தான், புள்ள செய்யட்டும் எண்டு நான் கதிரையில சாய்ஞ்சு இருந்தா, ‘அத்தான், நீங்களும் அக்காவும் சேர்ந்து செய்ய வேணும், புள்ளையைத் தனிய ஆட்டி வைக்கப்படாது’ எண்டாய். பத்தடிக்குப் பத்தடி மண்டபம். அம்பத்திரெண்டு வயசில, இந்த வண்டியோட, சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு நான் நண்டு. உன்ட அக்கா தவளை. மூண்டாம் கிழமை சத்தம் கேட்டு எட்டிப் பார்க்க வந்தவர் பக்கத்து வீட்டு பேர்டி. டச்பார்க் கடற்கரையில வீடும் தச்சுப் பட்டறையும் கடலோட போய் இஞ்ச வந்து குடியிருக்கிற மனிசன், அறுபத்திமூணு வயசு. அவர் வாசலில நிண்டதுதான் தாமதம், யசோதினி உள்ளுக்க போய் நாலாவது பாயைக் கொண்டுவந்து விரிச்சா. அண்டையில இருந்து அவருக்கும் விடுதலை இல்ல. நண்டாப் போன மனிசனை நிமித்தி எடுக்க நானும் கண்ணகையும் ரெண்டு பக்கமும் பிடிக்க வேண்டியிரிக்கு.

ஜூன் மாதம் குடும்பப் பதிவு எடுக்க ஆமிக்காரர் ரெண்டு பேர் வந்தாங்க. அதுவும் ஞாயிறு, அதுவும் அஞ்சே முக்கால். மகள் எங்க எண்டு கேட்டார் ஒருத்தர், அரைகுறைத் தமிழில. நான் மூச்சு வாங்கிக்கொண்டு, ‘உள்ளுக்க பயிற்சி எடுக்கிறா சேர்’ எண்டன். ‘ஆர் பயிற்சி குடுக்கிறது?’ எண்டார். ‘கனடாவில இருந்து’ எண்டு சொல்லி வாயை மூடக்குள்ளதான் நான் என்ன சொல்லிப்போட்டன் எண்டு எனக்கே விளங்கிச்சு. இந்த ஊரில இருபத்தைஞ்சு வருஷமா பயிற்சி எண்டா ஒரே அர்த்தம்தான், இயக்கத்தின்ட துவக்குப் பயிற்சி, நீ அங்க போய் மறந்திட்டாய் போல. நல்ல காலத்துக்கு உள்ளுக்க இருந்து உன்ட குரல், ‘அக்கா, பின்பக்கத்தை உயர்த்துங்கோ’ எண்டு கேட்டுது. அவர் எட்டிப் பார்த்தார், தவளையைக் கண்டார், ஒண்டும் எழுதாமப் போயிட்டார்.

மறுகா உன்ட சத்துணவு. அவ அதுவரைக்கும் வெள்ளையான சாமான் மட்டும்தான் தின்னுவா: சோறு, தயிர், இடியப்பம், பால் ஆணம். வேற நிறத்தில ஒண்டு தட்டில விழுந்தா தட்டே பறக்கும். அதுக்கு நீ அனுப்பின பட்டியலில புரொக்கோலி, சால்மன், புளூபெரி. நான் அந்தப் படத்தைக் கொண்டுபோய்ச் சந்தையில கச்சி முகம்மது காக்காட்டக் காட்டினன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்திட்டு, ‘இது வெள்ளைப் பூக்கோவாக்கு ஏதோ பச்சை வருத்தம் வந்தாப்போல இரிக்கே’ எண்டு சொல்லி ஒரு பிடி முருங்கையிலை முறிச்சுத் தந்தார். சுண்டினம். ஒரு கரண்டி தட்டின்ட ஓரத்தில வைக்க வேணும், ஆனா தின்னு எண்டு சொல்லப்படாது, பார்க்கவும் படாது எண்டாய். பதினேழு நாள் அந்த ஒரு கரண்டிச் சுண்டலை மாப்பிள்ளை வீட்டு ஆள் மாதிரி உபசரிச்சுக்கொண்டு, நாங்க ரெண்டு பேரும் முகட்டைப் பார்த்துச் சோறு திண்டம். பதினெட்டாம் நாள் அவ அதை எடுத்து வாயில வைச்சா. உன்ட அக்கா குசினிக்குப் பின்னால போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதா. நான் அழல்ல, எனக்கு அண்டைக்குத் தடிமன், மூக்குத்தான் ஒழுகிச்சு. ஆனா அந்தத் தாளில ‘அத்தானுக்குச் சீனி இல்லை’ எண்டும் ஒரு வரி எழுதிச் சீனிப் பேணிப் படமும் போட்டிருந்தாய் பார், புள்ள படத்தைப் பார்த்துச் சீனிப் பேணியைத் தூக்கிக்கொண்டு போய் பேர்டிட வீட்டில குடுத்திட்டு வந்திட்டா. இப்ப ஒரு தேத்தண்ணிக்கு நான் வேலி தாண்டிப் போறன்.

இதெல்லாம் நான் பொறுத்தனான். இருபத்தாறு ஞாயிறு, ஒரு நிமிஷம் பிந்தாம நீ போன் எடுத்தாய். வாகனத்தில வந்தவங்களில ஒருத்தனும் அப்படி வரல்ல, அதை நான் சொல்லத்தான் வேணும். அஞ்சு இருபதுக்கே அவ பாய்களை விரிச்சு, தண்ணிப் போத்தலை வைச்சு, சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிப்பா. முடிஞ்ச உடனே நீ அனுப்பின தாளில ஞாயிறுக் கட்டத்தில புள்ளடி. அது விழுந்தாத்தான் திங்கள், அது விழுந்தாத்தான் செவ்வாய், அந்தந்த நாள் நடை, அந்தந்த நாள் சுண்டல்.

போன ஏழாம் தேதி அஞ்சரைக்குப் போன் அடிக்கல்ல. அஞ்சே முக்கால் ஆச்சு. அவ பாயில நிண்டா. ஆறு ஆச்சு. பேர்டி தானே எண்ணுறன் எண்டு சொல்லி ஒண்டு, ரெண்டு எண்டார், அவ காதைப் பொத்தினா. நான் உன்ட குரலில எண்ணிப் பார்த்தன், அதைப் பற்றி விரிவா எழுத விரும்பல்ல. ஆறரைக்குப் போன் அடிச்சுது. அவ போய் போன்ட சின்னக் கண்ணாடியில விழுந்த நேரத்தைப் பார்த்தா, தூக்கினா, திருப்பி வைச்சா. மூண்டு தரம் நீ எடுத்தாய், மூண்டு தரமும் வைச்சா. மறுகா நிலத்தில விழுந்து சுவரில தலையை அடிக்கத் தொடங்கினா. இருபத்தாறு கிழமையா நாங்க காணாத காட்சி. நாலாம் தரம் அடிக்க நான் போனைத் தூக்கிக்கொண்டு வளவுக்க ஓடி என்ன நடந்தது எண்டு கேட்டா, நீ சிரிச்சுக்கொண்டு, ‘ஐயோ அத்தான், இஞ்ச குளிர்காலத்துக்கு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினது, சொல்ல மறந்திட்டன்’ எண்டாய்.

தள்ளினதாம். பிரஷாந்தி, நான் ஒரு நிமிஷம் பிந்தின பஸ்ஸைச் சிவப்புப் பேனையால எழுதுற மனிசன். சண்டைக்காலத்தில ஆத்துக்கு இஞ்சால அரசாங்க நேரம், அங்கால படுவான்கரையில இயக்கத்தின்ட நேரம், அரை மணித்தியாலம் வித்தியாசம். பத்து நிமிஷம் தோணியில போனா, வெளிக்கிட்ட நேரத்துக்கு இருபது நிமிஷம் முந்திப் போய்ச் சேருவம். அந்தக் கூத்தையும் நான் பார்த்தனான். அதுக்கெண்டாலும் ரெண்டு பக்கமும் துவக்கு இருந்தது. உங்கட ஊரில ஆர் ஆரோட சண்டை எண்டு இந்த நேர மாத்தம்? ஒரு மணித்தியாலம் முந்தி எடு எண்டு கேட்டன். வயசுபோன ஆக்கள்ட இல்லத்தில இரவு வேலை, ஏழுக்குத்தான் முடியுது, வீட்டுக்கு வர எட்டாகும் எண்டாய். உன்ட கஷ்டம் எனக்கு விளங்குது. அவவுக்கு அதை எப்படி விளங்கப்படுத்துறது எண்டுதான் எனக்குத் தெரியல்ல.

உனக்கு ஒண்டு சொல்ல வேணும். அந்த டிசம்பர் இருபத்தாறும் ஞாயிறுதான். ஒவ்வொரு ஞாயிறும் காலமை எட்டுக்கு நான் அவளைச் சைக்கிளில பஸ் பார்க்கக் கூட்டிக்கொண்டு போறது வழக்கம். அண்டைக்குப் பௌர்ணமிப் போயா, எனக்கு லீவு, நல்ல நித்திரை. எட்டு ஆனதும் அவ செருப்பைக் கையில பிடிச்சுக்கொண்டு வாசலில நிண்டு குளறினா. அடக்க ஒண்ணாம கண்ணகையையும் பின்னால ஏத்திக்கொண்டு, ஏசிக்கொண்டுதான் வெளிக்கிட்டன். நாங்க பாலம் தாண்டிப் புளியந்தீவில பஸ் பார்த்துக்கொண்டு நிக்கக்குள்ள கடல் வந்தது. கல்லடியில எங்கட வீட்டில அத்திவாரம் மட்டும் மிஞ்சிச்சு. அவட நேரத்தாலதான் நாங்க ரெண்டு பேரும் உயிரோட இரிக்கம். அதால அவட நேரத்தில ஆர் கை வைச்சாலும் எனக்குப் பத்தி எரியும்.

போன ஞாயிறும் அதே கதை. இப்ப ரெண்டு ஞாயிறுக் கட்டம் வெறுமையா இரிக்கு, அதால ரெண்டு கிழமையும் வெறுமை. நண்டும் இல்ல, தவளையும் இல்ல. முருங்கைச் சுண்டல் வைச்ச தட்டு நேற்றுப் பறந்து என்ட நெத்தியில பட்டது. திரும்பவும் சோறும் தயிரும்தான். ஆறு மாதம் ஏத்தினதை ரெண்டு கிழமையில இறக்கியாச்சு. வந்திட்டு நிண்டுபோறவங்களை நாங்க நிறையக் கண்டிட்டம், நீயும் அந்த வரிசையில நிக்க வேணாம். ஆகவே திட்டம் முடிஞ்சுது. எங்கட மணிக்கூட்டில ஒருத்தரும் கை வைக்க நான் விடமாட்டன். இது என்ட கடைசி முடிவு.

இத்துடன், தங்கள் கணவருக்கு என் அன்பையும், பிள்ளைகளுக்கு என் ஆசியையும், தங்கள் நாட்டு மணிக்கூடுகளுக்கு என் ஆழ்ந்த அனுதாபத்தையும் தெரிவித்து, மாமாங்கேஸ்வரர் தங்களுக்குப் பகல் வேலை ஒன்றை அருள வேண்டுமெனப் பிரார்த்தித்து முடிக்கிறேன்.

இப்படிக்கு,
சீனியில்லாத அத்தான்,
நல்லரத்தினம்

பி.கு. (22.11.2010): இந்தக் கடிதத்தை ஒட்டி வைச்சிட்டு முத்திரை வாங்கப் போகல்ல, திரும்பப் பிரிச்சு எழுதுறன். நேற்று ஞாயிறு. மத்தியானம் புள்ள நித்திரையா இருக்கக்குள்ள நான் கதிரையில ஏறிச் சுவர் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பினன். போன்ட சின்னக் கண்ணாடிக்குப் பிளாஸ்டர் ஒட்டினன். முப்பது வருஷ சேவையில நான் செய்த முதல் களவு. அவ எழும்பி வந்து மணிக்கூட்டைப் பார்த்தா. வெளியில வெயிலைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. பிடிபட்டுட்டன் எண்டு நினைச்சன். அவ கிட்ட வந்து என்ட கையைப் பிடிச்சா. பத்து வருஷத்தில தானா வந்து அவ என்ட கையைப் பிடிச்சது இதுதான் முதல் தரம். பிடிச்சு, கைமணிக்கூட்டின்ட குமிழை இழுத்து, சுவரில இரிக்கிற நேரம் வருமட்டும் திருப்பினா. கனநேரம் திருப்பினா. நான் கையை நீட்டினபடி அசையாம நிண்டன். மறுகா கண்ணகைட அலாரம், அதுக்குப் பொறகு வேலி தாண்டிப் போய் பேர்டிட மணிக்கூடு. உன்ட போன் எங்கட அஞ்சரைக்குச் சரியா அடிச்சுது, மிச்சம் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, ராவைக்கு அவ திண்ட சுண்டல் ரெண்டு கரண்டி.

இப்ப இந்த ரெண்டு வளவுக்கும் தனி நேரம். பேர்டி இண்டைக்குக் காலமைப் பூசைக்குப் போய்ச் சேரக்குள்ள மாதா கோயில் பூட்டியாச்சாம். நானும் வேலைக்கு ஒரு மணித்தியாலம் பிந்திப்போய், என்ட பேரை நானே சிவப்புப் பேனையால எழுதினன். வாற ஞாயிறும் எட்டுக்கே எடு. மார்ச் மாதம் உங்கட ஊரில திரும்பவும் மாத்துவாங்களாம், அந்தத் தேதியை ஒரு மாதத்துக்கு முன்னமே அறிவி. அவ என்ட கைமணிக்கூட்டைத் திருப்ப வேணும், அண்டைக்கு நான் லீவு போடோணும்.