உங்கள் படுக்கையறையில் ஒன்றாம் வகுப்பு நடக்கிறது

என்றும் என் மரியாதைக்குரிய அண்ணாவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. நான் நலம். வீடும் நலம். தண்ணீர் மோட்டார்கூட நலம். அங்கே நீங்களும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படிக்கவும். அண்ணி முதலில் படித்துவிட்டு உங்களிடம் கொடுத்தால் இன்னும் நல்லது. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள். கடிதத்தில் நான் பேசி முடிக்கும்வரை நீங்கள் வாயைத் திறக்க முடியாது. நாற்பது வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு இது.

"வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன், அடுத்த மாதம் நிரந்தரமாக வந்துவிடுகிறோம், வீட்டைச் சுத்தம் செய்து வை" என்று எழுதியிருந்தீர்கள். வீடு சுத்தமாகத்தான் இருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை பெருக்குகிறோம். ஆனால் உங்களுக்கு அதில் இடம் இல்லை. "வாசலில் ரெண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன்" என்று முன்பு ஒருமுறை சொன்னேன் அல்லவா? அது பொய் இல்லை. ரெண்டு பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது உண்மை. மீதித் தொண்ணூற்று நான்கு பேரைப் பற்றிச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இது எப்படி ஆரம்பித்தது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இதில் என் தப்பு ஒன்றும் இல்லை. நான்கு வருஷத்துக்கு முன்னால் டவுனில் இருக்கும் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் நம் ஊர்ப் பிள்ளைகள் பத்தொன்பது பேர் சேர்ந்தார்கள். பத்தொன்பது பேருக்கும் யூனிஃபார்ம் தைக்கச் சொல்லி என்னிடம்தான் வந்தார்கள். வான நீலச் சட்டை, கருநீலக் கால்சட்டை. ராப்பகலாக மிஷினை மிதித்து, காஜா எடுத்து, பித்தான் கட்டி, இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். பள்ளி திறக்கிற அன்று காலை பிள்ளைகளை வேனில் ஏற்றி அனுப்பினால், பத்து மணிக்கு அதே வேன் அதே பிள்ளைகளோடு திரும்பி வந்துவிட்டது. இந்த வருஷத்திலிருந்து யூனிஃபார்ம் மெரூன் கலராம், நீலத்தில் வந்தால் உள்ளே விடமாட்டார்களாம். பெற்றோர்கள் எல்லாரும் உங்கள் வாசலில் கூடிவிட்டார்கள். அவர்களில் ஒருவர், லாரி டிரைவர், தன் மகளின் சட்டையைத் தூக்கிக் காட்டி, "அக்கா, இத நான் போட்டுக்கவா?" என்று கேட்டார். சட்டையைப் பிரித்து மெரூன் ஆக்க முடியாது. பத்தொன்பது யூனிஃபார்ம் இருக்கிறது, போட்டுக்கொள்ளப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், பள்ளி ஒன்றுதான் இல்லை. அதனால், "எல்லாரும் இப்படித் திண்டாட வேண்டாம், நாளைக்கு இங்கேயே அனுப்புங்க" என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரத்துக்கு என்று நினைத்துத்தான் சொன்னேன்.

பிள்ளைகள் வளர்கிறார்கள் அண்ணா. அதுதான் சிக்கல். துணி என்றால் மடிப்பை இறக்கிவிட்டுச் சமாளிக்கலாம். எல்.கே.ஜி. பிள்ளை அடுத்த வருஷம் யூ.கே.ஜி.க்குப் போய்விடுகிறது, அதற்குப் பின்னாலேயே புது எல்.கே.ஜி. வந்து நிற்கிறது. முதலில் வாசல் வராந்தா போதுமாக இருந்தது. பிறகு கூடத்துக்கு வந்தோம். அதற்கடுத்த வருஷம் உங்கள் படுக்கையறையில் ஒன்றாம் வகுப்பு ஆரம்பித்தது. சாப்பாட்டு அறையில் இரண்டாம் வகுப்பு. மொட்டைமாடியில் தகரக் கூரை போட்டு மூன்றாம் வகுப்பு. சமையலறை ஆபீஸ். நான் ஆபீஸில் படுத்துக்கொள்கிறேன். உங்கள் கட்டில் ஆண்டு விழா மேடை. நல்ல தேக்கு, பதினாறு பிள்ளைகள் ஏறி ஆடியும் ஒரு சத்தம் இல்லை. உங்கள் இரும்பு பீரோவைப் பற்றிக் கேட்பீர்கள். பத்திரமாக இருக்கிறது. கதவுக்குக் கறுப்பு பெயின்ட் அடித்து போர்டாக வைத்திருக்கிறோம். உங்கள் வேட்டி சட்டையெல்லாம் உள்ளேதான் இருக்கிறது, யாரும் தொடவில்லை. ஆனால் நீங்கள் ஒரு சட்டை எடுக்க வேண்டுமென்றால் கூட்டல் கணக்கு நடுவில் இரண்டாகப் பிரிந்துவிடும். கூடத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருக்கிற உங்கள் பி.ஏ. பட்டத்தை மட்டும் அசைக்கவே இல்லை. பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்கள் அதில் இருக்கிற பெரிய முத்திரையைப் பார்த்துச் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார்கள். அது பள்ளிக்கு அரசாங்கம் கொடுத்தது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை.

பத்தொன்பது எப்படித் தொண்ணூற்றாறு ஆனது என்று கேளுங்கள். எல்லாம் ஒரே ஒரு சட்டத்தால் வந்தது. முதல் வாரமே நம் கேட்டில் எழுதி மாட்டினேன்: "இந்தக் கேட்டுக்கு உள்ளே ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும்." இங்கிலீஷ் மீடியம் என்றால் அப்படித்தானே இருக்க வேண்டும்? பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்குப் பத்தாம் வகுப்பு ஆங்கிலம், அதுவும் பிள்ளைகளைவிட ஒரு பக்கம் முன்னால் படித்து வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன். கூடவே இருக்கிற இரண்டு டீச்சர்களும் என்னைப் பார்த்துத்தான் பேசுவார்கள். ஆக, உள்ளே வந்ததும் எல்லாரும் கப்சிப். ஒன்பது மணிக்கு மணி அடித்தால் நாலு மணி வரைக்கும் ஊசி விழுந்தால் கேட்கும். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். லாரி டிரைவர் போகிற ஊரிலெல்லாம் சொல்லிவிட்டார்: "எம்பொண்ணு வீட்டுல ஒரு நிமிஷம் வாய மூட மாட்டா. அங்க போனா சிலையாட்டம் உக்காந்திருக்கா. ஒழுக்கம்னா அது ஒழுக்கம்!" அடுத்த வருஷம் நாலு ஊரிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள்.

அந்தச் சட்டம் என் காலையே வாரிய கதையையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்க வேண்டாம். போன மாதம் ஒருநாள் நான் இரண்டாம் வகுப்பில் இருந்தேன். வருகைப் பதிவேட்டை வராந்தா பெஞ்சில் வைத்திருந்தேன். யூ.கே.ஜி.யிலிருந்து ஒரு பையன் ஓடிவந்து, "மிஸ், திஸ் இஸ் எ கௌ" என்றான். சொல்லிக் கொடுத்ததைத் தானாகவே வந்து சொல்கிறானே என்று எனக்குப் பூரிப்பு. "வெரி குட், சிட் டவுன்" என்றேன். அடுத்து ஒரு பெண் வந்தாள். "திஸ் இஸ் எ கௌ, மிஸ்." அவளுக்கும் வெரி குட். இப்படி ஏழு பேர் வந்தார்கள், ஏழு பேருக்கும் வெரி குட். எட்டாவதாக லாரி டிரைவர் மகள் வந்தாள். என்னைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், மூடினாள், நேரே கேட்டைத் திறந்துகொண்டு வெளியே ரோட்டுக்கு ஓடினாள். ரோட்டில் நின்றுகொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி, "மிஸ்! மாடு உள்ள பூந்து உங்க நோட்ட தின்னுட்டிருக்கு மிஸ்! பாதிக்கு மேல தின்னுடுச்சு!" என்று கத்திவிட்டு, மறுபடி உள்ளே வந்து கேட்டைச் சாத்திக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சட்டத்தை மீறவில்லை பாருங்கள். நான் போய்ப் பார்க்கும்போது அட்டைதான் மிச்சம். நான்கு வருஷத்து வருகை, சேர்க்கை எல்லாம் அதே தடிப் புத்தகத்தில்தான் எழுதியிருந்தேன். நான் எதையும் மறைக்கிற ஆள் இல்லையே, அன்றைக்கே கல்வி அலுவலகத்துக்கு நடந்ததை நடந்தபடி எழுதி, புதுப் பதிவேடு தொடங்க அனுமதி கேட்டிருக்கிறேன்.

சிரிக்கிறீர்களா, பல்லைக் கடிக்கிறீர்களா என்று தெரியவில்லை. இனி சொல்லப்போவதற்குச் சிரிக்காதீர்கள். இரண்டாம் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். அவள் அம்மா கட்டட வேலைக்குச் சிமென்ட் சட்டி தூக்கப் போகிறவர். ஒருநாள் சாயங்காலம் அந்த அம்மா கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு கூப்பிட்டார். கையில் ஒரு மருந்துக் கவர். "மிஸ், நேத்து எம்பொண்ணு இத எழுத்துக் கூட்டிப் படிச்சா. சாப்பிட்டதுக்கப்புறம் போடணும்னு இங்கிலீஷ்ல போட்டிருக்காம். நான் ஆறு மாசமா வெறும் வயித்துல போட்டுட்டிருந்தேன் மிஸ். வயித்தெரிச்சல்னு அதுக்குத் தனியா ஒரு மாத்திரை வேற." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே வந்து ஆபீஸில் உட்கார்ந்து அழுதேன். மாடு புத்தகத்தைத் தின்றபோது வராத அழுகை அன்றைக்கு வந்தது. உங்களைக் கல்லூரியில் சேர்த்தபோது எனக்குத் தையல் மிஷின் வாங்கிக் கொடுத்தார்கள். "அவளுக்கு எதுக்கு இங்கிலீஷ், அளவு எடுக்கத் தெரிஞ்சா போதாதா?" என்று நீங்களும் சொன்னீர்கள். உங்களுக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது. கோபத்தில் சொல்லவில்லை அண்ணா, பழைய கணக்கைத் தீர்க்கவும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு யாரும் அப்படிச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆகவே முடிவாக எழுதுகிறேன். வீட்டைக் காலி செய்ய மாட்டேன். பத்திரம் உங்கள் பெயரில் இருக்கிறது, சாவி என் இடுப்பில் இருக்கிறது. நீங்கள் வந்து நின்றாலும் சரி, வக்கீலைக் கூட்டிவந்து நிறுத்தினாலும் சரி, தொண்ணூற்றாறு பேரையும் கேட்டுக்கு வெளியே நீங்களே கைபிடித்துக் கொண்டுபோய் விடுங்கள், பார்க்கலாம். அடுத்த வருஷம் நான்காம் வகுப்பு வருகிறது, அதற்கு உங்கள் கார் ஷெட்டை அளந்து வைத்திருக்கிறேன். அண்ணியின் தம்பி வீட்டில் மாடி காலியாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன். காற்றோட்டமான மாடி. நீங்கள் அங்கே இருந்துகொள்ளலாம். உங்களிடம் எனக்கு எந்த உதவியும் வேண்டாம். இத்தனை நாள் நீங்கள் இல்லாமல்தான் இந்தப் பள்ளி நடந்தது, இனியும் நீங்கள் இல்லாமலே நடக்கும்.

அண்ணிக்கு என் வணக்கம். முழங்கால் வலிக்குப் படியேறக் கூடாது என்று சொல்லவும் (தம்பி வீட்டு மாடி மட்டும் பரவாயில்லை). மருமகனுக்கு என் ஆசி. நீங்கள் எல்லாரும் இப்போது இருக்கும் இடத்திலேயே நோய்நொடி இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் தங்கை.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது கல்வி அலுவலகத்துக் கடிதம் வந்தது. மாடு தின்ற விஷயம் அங்கே எல்லாருக்கும் பிடித்துப்போய்விட்டதாம், பெரிய அதிகாரியே நேரில் வருகிறார், வருகிற வியாழக்கிழமை. தலைமையாசிரியர் தம் அசல் பட்டத்தோடு கட்டாயம் இருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் பள்ளியை மூடிவிடுவார்களாம். ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பள்ளி தொடங்கியபோது ஒரு படிவத்தில் தலைமையாசிரியர் பெயர், பட்டம் என்று கேட்டிருந்தார்கள். பேனாவைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன், எதிரே சுவரில் உங்கள் பி.ஏ. தொங்கிக்கொண்டிருந்தது. நான்கு வருஷமாக நீங்கள்தான் அண்ணா எங்கள் தலைமையாசிரியர். தினமும் "விடுப்பு" என்று ஒழுங்காக எழுதித்தான் வந்தேன், அதைத்தான் மாடு தின்றுவிட்டது. அதனால் மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாமல் இதைப் படித்த கையோடு பஸ் ஏறவும். ஒன்றாம் வகுப்பைச் சமையலறைக்கு மாற்றிவிட்டேன். கட்டிலைத் துடைத்து உங்கள் அறையில் போட்டாயிற்று. வெள்ளைச் சட்டை ஒன்றை பீரோவிலிருந்து எடுத்து இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். என்னைத் திட்ட வேண்டியதையெல்லாம் கேட்டுக்கு வெளியே நின்று திட்டி முடித்துவிட்டு உள்ளே வரவும். இங்கே எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் செய்கிறார்கள்.