நம்பாமல் பார்ப்பவர்

பேய் உண்டு என்பவர்களையும் பேய் இல்லை என்பவர்களையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு கூட்டத்தாலும் பெரிய தொந்தரவு இல்லை. மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. பேய் இல்லை என்று உறுதி செய்துகொள்வதற்காகவே, தொலைக்காட்சியில் வரும் மர்ம ஆவணப்படங்களை ஒன்று விடாமல், விளம்பரத்துக்குக்கூட எழுந்திருக்காமல், மறு ஒளிபரப்பையும் சேர்த்துப் பார்க்கிற இனம். நம்புகிறவன்கூட நடுவில் கொட்டாவி விடுவான். இவர்கள் விடமாட்டார்கள்.

நம் கையில் அகப்பட்டிருப்பவர் ஒரு ஃபிரிட்ஜ் மெக்கானிக். எடுத்ததற்கெல்லாம் "ஆதாரம் எங்கே?" என்று கேட்டுக் கேட்டு, ஆதாரம் என்பதே அவர் பெயராகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கும் மாமியாருக்கும் பாதிப் பேய், பாதி அவர் பிடரி. மடியில் நோட்டு. வலது கையில் ரிமோட். திரையில் ஒரு கரகரத்த குரல், "அப்படியானால் அந்தக் கதவைத் திறந்தது யார்?" என்று கேட்டுவிட்டு நிறுத்தும். "காத்து" என்பார் ஆதாரம். ரத்தம் உறைகிற கட்டம் வரும்போது பார்த்துச் சத்தத்தை அணைத்துவிடுவார்.

"இப்பப் பாரு. மியூசிக் இல்லை. பயமா இருக்கா? அவ்வளவுதான் பேய்!"

"பயப்படத்தானே பார்க்கிறோம்? அதையும் பிடுங்கிட்டா மிச்சம் என்னங்க இருக்கு?" என்பாள் மனைவி.

"மாப்பிள்ளை, அந்தப் பேய் பேசி முடிச்சிடட்டும். அப்புறம் நீங்க பேசுங்க" என்பார் மாமியார்.

வாரம் முழுக்க இவர் செய்யும் வேலை என்ன தெரியுமா? வீடு வீடாகப் போவார். "ஒரு சத்தம் வருதுங்க, நீங்க வந்தா மட்டும் வரமாட்டேங்குது" என்பார்கள். "வரும்மா, வரும். நான் நம்பறேன்" என்று சொல்லி, காதால் கேட்காத அந்தச் சத்தத்துக்காக ஒரு பாகத்தை மாற்றிவிட்டு வருவார். வயிற்றுப்பாட்டுக்கு ஒரு தத்துவம், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு தத்துவம். பெரிய சிந்தனையாளர்களே இதைவிடச் சிறப்பாக வாழ்ந்துவிடவில்லை.

அவரிடம் ஒரு ரகசியமும் உண்டு. பக்கத்தில் விளக்கம் சொல்ல ஆள் இல்லாமல் இந்தப் படங்களைப் பார்த்தால் பெண்கள் மனம் கெட்டுவிடும் என்பது அவர் கட்சி. ஆகவே வேலைக்குக் கிளம்பும்போது ரிமோட்டை ஓரிடத்தில் ஒளித்துவைத்துவிட்டுப் போவார். டிவியைப் போடும் பொத்தான் என்றோ உள்ளே அமுங்கிப்போய்விட்டது; ரிமோட் இல்லாமல் படம் வராது. "நீங்க போனதும் ரிமோட் மாயமாயிடுது, வந்ததும் சோபாவிலேயே கிடக்குது. இது எப்படி?" என்று மனைவி கேட்பாள். "மனுஷ ஞாபகம் அவ்வளவுதான். எங்கே வச்சோம்னே தெரியாது, பழி பேய் மேலே" என்பார். பதினொரு மாதமாக!

இப்படியிருக்கையில் ஒரு புதன்கிழமை மனைவி சொன்னாள்:

"நம்ம ஃபிரிட்ஜ் தட்டுதுங்க. யாரோ கதவைத் தட்டிக் கூப்பிடற மாதிரி. டக், டக், டக். மூணே தடவை."

"நான் ஒரு நாளும் கேக்கலையே?"

"நீங்க இருந்தா தட்டாது. அதுக்கும் உங்க விளக்கத்தைக் கேக்கப் பயம் போல."

"ஆதாரம் எங்கே?"

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "நீங்க ஃபிரிட்ஜ் மெக்கானிக். அது ஃபிரிட்ஜ். ஞாயிறு மூணு மணிக்குள்ள காரணம் சொல்லுங்க. சொல்லிட்டா இனிமே நான் எதையும் நம்பமாட்டேன். சொல்லலைன்னா, இனிமே நீங்க வாயைத் திறக்காம டிவி பார்க்கணும்."

ஆதாரத்தால் சோறில்லாமல் இருந்துவிட முடியும். விளக்கம் சொல்லாமல்? அதுவும் இந்த ஞாயிறு? ஆளில்லாக் கலங்கரை விளக்கம் தானாக எரியும் மர்மத்தின் மூன்றாவது, கடைசிப் பாகம் வரப்போகிறது; மறுப்பு ஏற்கனவே பதினான்கு பக்கம் எழுதியாகிவிட்டது.

மூன்று நாள் ஃபிரிட்ஜைக் குடைந்தார். அதன் கால்களைச் சமன் செய்தார், விசிறியைத் துடைத்தார், கம்ப்ரெசரில் காதை வைத்துப் படுத்தே கிடந்தார். அது ஒன்றும் அறியாத கன்றுக்குட்டி போல நின்றது. சனிக்கிழமை காலை, வழக்கம் போல ரிமோட்டை ஒளித்துவிட்டு, வழக்கம் போலப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, தெருமுனையில் திரும்பிக் கொல்லைப் பக்கமாக வந்து சமையலறை ஜன்னலோரம் குந்தினார்.

டக். டக். டக்.

அவர் முதுகில் முடி நட்டுக்கொண்டது. உதடு எதையோ முணுமுணுத்தது. என்ன என்று பிறகு அவரே விசாரிக்க விரும்பவில்லை. அறிவு வர இரண்டு விநாடி தாமதமாகும். பயம் வாசலிலேயே நிற்கும்.

கொல்லைக் கதவு வழியாக உள்ளே போனார். கம்ப்ரெசர் மறுபடி ஓடி, நின்றது. நிற்கும்போது ஒரு குலுக்கல். ஃபிரிட்ஜ் தலையில், ஸ்டெபிலைசர் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே, அவர் ஒளித்துவைத்த ரிமோட் குலுங்கி, தகரத்தில் மூன்று முறை தட்டியது.

"கண்டு..." என்று கத்த வாயைத் திறந்தார். அப்படியே மூடினார்.

"யாரு அங்கே?" என்றாள் மனைவி, கூடத்திலிருந்து.

"நான்தான். ஸ்க்ரூடிரைவரை மறந்துட்டேன்."

யோசித்துப் பாருங்கள். காரணத்தைச் சொன்னால் பேய் ஒழியும். பதினொரு மாதக் களவு வெளிவரும். சொல்லாவிட்டால் வாய் போகும், மானம் மிஞ்சும். உண்மைக்காக விஷம் குடித்தவர்கள் உண்டாம். அவர்கள் வீட்டில் ரிமோட் இல்லை.

ஞாயிறு மூன்று மணி.

"காரணம்?" என்றாள் மனைவி.

"சில விஷயங்களுக்கு... அறிவியல் இன்னும்..."

"இன்னும்?"

"விளக்கம் தேடிட்டு இருக்கு."

"மாப்பிள்ளை," என்றார் மாமியார், "ஆதாரம் எங்கே?"

ஒரு மணி நேரம். கலங்கரை விளக்கம் தானாக எரிந்தது. அதன் பின்னால் ஒயர் தெரிந்தது. பச்சை ஒயர்! பட்டப்பகலில், திரையின் இடது மூலையில்! ஆதாரத்தின் கழுத்து நரம்பு விரலளவு புடைத்தது. பதினான்கு பக்கமும் மடியிலேயே வியர்த்தன. பெண்கள் இருவரும் ஆசை தீரப் பயந்தார்கள்.

மறுநாள் காலை கிளம்பும்போது, யாரும் இல்லாத நேரம் பார்த்து, ரிமோட்டை வைக்க ஃபிரிட்ஜ் மேலே கை விட்டார். விரலில் மெத்தென்று ஏதோ பட்டது. எட்டிப் பார்த்தார். பழைய துண்டு ஒன்று நாலாக மடித்து, ரிமோட் படுக்கும் அளவுக்கு, குழந்தைக்கு விரித்த மாதிரி விரித்திருந்தது.

"ஏங்க," என்றாள் மனைவி கூடத்திலிருந்து, "இனிமே அது தட்டாதுன்னு நினைக்கிறேன்."

ஆதாரம் நின்று யோசித்தார். மனைவிக்கு அந்த உயரம் எட்டாது. மாமியாருக்கும் எட்டாது. முக்காலி ஒன்று பக்கத்திலேயே இருந்தது. அதன் மேல் ஈரக்கால் தடமும் இருந்தது. அதை அவர் ஆராயவில்லை. இது பேய் வேலைதான் என்று, வாழ்நாளில் முதல் முறையாக, மனப்பூர்வமாக நம்பினார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. நீங்கள் எதையும் ஆராயாமல் ஏற்றுக்கொள்கிறவரல்ல என்பது முகத்திலேயே தெரிகிறது. ஒன்று செய்யுங்கள்: நீங்கள் எதையாவது ஒளித்துவைத்திருக்கும் இடத்தில் மெல்லக் கையை விட்டுப் பாருங்கள். மெத்தென்று இருந்தால், நீங்களும் இன்று முதல் பேயை நம்பிவிடுவது உடம்புக்கு நல்லது.