வெள்ளிக்கு வாருங்கள்

இன்றைக்கு வெங்காயம் என்ன விலை என்று தெரியாமல், ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முந்திய லண்டன் சந்தை நிலவரத்தை அக்குவேறு ஆணிவேறாகச் சொல்லக்கூடிய ஒரே தமிழர் லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இருக்கும் எங்கள் வெள்ளி அண்ணைதான். வேலை பஸ் ஓட்டுவது. லீவு நாளில் உலோகம் தேடும் மிஷினைத் தூக்கிக்கொண்டு, வயல்காரரிடம் அனுமதி வாங்கி வயல் வயலாக நடப்பார். இத்தனை வருடத்தில் கிடைத்தது சுண்டுவிரல் நகமளவு வெள்ளிக்காசு ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் சோடா மூடி.

அந்தக் காசை அகப்பட்டவரிடமெல்லாம் நீட்டுவார்.

"இது கடல் தாண்டி வந்த காசு. கம்பளி வாங்க வந்த வியாபாரி கொண்டந்தது. பிறகு வந்த ராசாமார் வெளிநாட்டுக் காசை அப்பிடியே விடேல்லை. உருக்கி, தங்கட பேரை அடிச்சுத்தான் சந்தைக்குள்ள விட்டவை. எங்களுக்கு விசா தந்த மாதிரித்தான்."

கல்யாண வீட்டில் அவர் வருவதைக் கண்டால் கதிரை மாறி உட்காருவோம். நானும் மாறியிருக்கிறேன்.

கடைசியில் அவர் மனைவி ராணி அக்கா கறாராகச் சொல்லிவிட்டார்.

"உந்தக் காசைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் வையுங்கோ. பத்துப் பேர் வந்தால் மிஷின் வீட்டில இருக்கட்டும். வராட்டி வித்துப்போடோணும்."

அண்ணை சர்ச் மண்டபத்தை எடுத்தார். தமிழ்க் கடைக் கண்ணாடியில் கொட்டை எழுத்தில் நோட்டீஸ்: 'வெள்ளிக்கு வாருங்கள்!' ஞாயிறு நாலு மணி என்பது கீழே எறும்பு எழுத்தில். போதாததற்கு எல்லோருக்கும் போன்: "என்ர வெள்ளிக்கு மறக்காமல் நாலு மணிக்கு வாங்கோ, வடை இருக்கு."

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நாற்பது பேர் வந்தார்கள். கதவு பூட்டிக் கிடந்தது. அண்ணை அந்நேரம் ஷிப்டில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். அன்று இரவு முழுக்கப் போனில் அவருக்கு அர்ச்சனைதான்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நான் ஒருவன்தான். நாலரை வரை பார்த்துவிட்டு, அண்ணை மிஷினை உறைக்குள் போடத் தொடங்கினார்.

ராணி அக்கா வடைச் சட்டியோடு வந்தார்.

"என்ன செய்யிறியள்?"

"ஒருத்தரும் வரேல்லையப்பா. விக்கிறன்."

"ஏன்? வெள்ளிக்கிழமை நாப்பது பேர் வந்தவை. வந்தது வந்ததுதான்."

"நாப்பது எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

"நானும் நிண்டனான். முன்வரிசை பிடிக்கலாமெண்டு மூண்டரைக்கே வந்திட்டன். வெக்கத்தில சொல்லேல்லை."

அக்கா முன்வரிசையில் உட்கார்ந்தார். "சரி, துவங்குங்கோ. அந்தக் காசு ஒண்டைக் கொண்டுபோனால் அப்ப எத்தினை முட்டை வாங்கலாம்?"

இருபத்தெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அந்தக் காசைப் பற்றி அக்கா கேட்ட முதல் கேள்வி. அண்ணை மிஷினை உறையிலிருந்து திரும்ப வெளியே எடுத்தார். பிறகு மண்டபத்தைப் பூட்ட ஆள் வரும்வரை பேசினார். நான் கதிரை மாறவில்லை. அந்த மனிதரை எனக்கு இவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.